முப்பதாவது மணி நாற்றம்

"எனக்கு நியாயமெல்லாம் வேண்டாம். பழி வாங்கணும். யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

ரன்வேய் இதைக் காபி ஊற்றிக்கொண்டே சொன்னாள். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. புதுக் கோபமாக இருந்தால் சிந்தியிருக்கும். இவளுடையது ஒரு வருஷக் கோபம்.

துப்பறியும் தூர்டிஸ் கோப்பையை வாங்கிக்கொண்டார். ஐம்பத்தெட்டு வயதுப் பெண், கத்தரித்த முடி, நீள மூக்கு. அந்த மூக்கை வைத்துத்தான் பெர்கன் நகரத்தில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் இருபது வருஷம் குப்பை கொட்டினார். எரிந்த வீட்டுக்குள் ஒரு சுற்று வந்தால் போதும், தானாகப் பிடித்த தீயா, பெட்ரோல் ஊற்றி வைத்த தீயா என்று சொல்லிவிடுவார். கம்பெனி முதலாளியின் மைத்துனர் வீட்டைப் பற்றியும் அப்படிச் சொல்லித் தொலைத்ததால் இப்போது சொந்தத் தொழில்.

உதவியாளன் ஏகில், முன்பு படகில் டிக்கெட் கிழித்தவன். பயணிகளிடம் வாயை அடக்கத் தெரியாததால் கரையில் இறக்கிவிடப்பட்டவன். இப்போது மேஜையில் இருந்த காய்ந்த ஆட்டுக்கறியைச் சீவிச் சீவி வாய்க்குள் தள்ளிக்கொண்டிருந்தான்.

"போன்ல பாதிதான் சொன்ன," என்றார் தூர்டிஸ். "முதல்லேர்ந்து சொல்லு. அழாம சொல்லணும்."

"நான் அழுது முடிச்சு ஒரு வருஷம் ஆச்சு."

போன வருஷம் நவம்பரில் ரன்வேயின் அம்மா போர்கில்ட் இறந்துபோனார். அவர்கள் ஊரான ஹெஸ்தவிக்கில் சாவு விழுந்தால் அந்த வீட்டில் பியர் காய்ச்சியாக வேண்டும். அடக்கம் முடிந்ததும் ஊரே வந்து ஒரே மரக்கிண்ணத்தைக் கைமாற்றிக் கைமாற்றிக் குடிக்கும். அந்த பியருக்குக் கடை ஈஸ்ட் போடுவது இறந்தவரை அவமதிப்பது மாதிரி. வீட்டுக்கு வீடு சொந்த ஈஸ்ட் உண்டு. வண்டல் மாதிரி ஜாடியில் கிடக்கும். பியர் இறக்கும்போது அடியில் படிவதை எடுத்துவைத்து அடுத்த தடவைக்கு ஊற்றுவார்கள். ரன்வேய் அம்மாவின் ஈஸ்ட்டில் காய்ச்சினாள். மூன்றாம் நாள் தொட்டியைத் திறந்து முப்பது பேருக்குக் கொடுத்தாள்.

"ஹல்வார்தான் முதல் வாய் குடிச்சாரு. பெரிய பண்ணைக்காரரு. குடிச்சதைத் தரையில துப்புனாரு. எரிஞ்ச டயரும் அழுகுன கறியும் சேர்ந்த மாதிரி நாத்தம். நானே முகர்ந்து பாத்தேன், உண்மைதான். அந்தாளு சத்தமா சொன்னாரு, 'மாட்டுக்கொட்டகை கழுவுனவ வீடாச்சே, தொட்டியக் கழுவ மறந்துட்டாளுங்களோ'ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. சவப்பெட்டிய இறக்கி ஒரு மணி நேரம் ஆகல."

ஏகில் மெல்லுவதை நிறுத்தினான்.

"எங்கம்மா இருபத்தாறு வருஷம் ஹல்வார் வீட்டுக் கொட்டகையத்தான் கழுவுனாங்க," என்றாள் ரன்வேய். "எங்க குடும்பத்துல காலேஜ் வாசல மிதிச்ச முதல் ஆளு நான். திரும்பி வந்து இதே ஊர்ப் பள்ளிக்கூடத்துல பாடம் எடுக்கறேன். இப்போ என் வகுப்புல ஒரு பொண்ணு மூக்கைப் பொத்திக்கிட்டு உக்காருறா. எட்டு வயசு. அவளுக்கா தோணுச்சு அது? வீட்டுல பேசிக்கிறாங்க. என் பட்டம் ஃப்ரேம் போட்டுத் தொங்குது. ஊர் மூக்குல நான் இன்னும் சாணிதான்."

எழுந்து போய் அலமாரியின் பின்பக்கத்திலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வந்தாள். மெழுகு வைத்து அடைத்திருந்தது.

"அன்னைக்கு மிஞ்சுனது. நாளைக்கு மூணு மணிக்கு ஹல்வார் வீட்டுல கிறிஸ்துமஸ் பியர் திறக்கறாங்க. ஊரே வரும். இதைத் தொட்டில கவுத்துட்டு வந்துடுவேன்."

"நல்ல திட்டம்," என்றான் ஏகில். "அப்புறம் ஊர்ல 'பாத்தியா, இவ போற இடமெல்லாம் நாறுது'ன்னுவாங்க."

ரன்வேய் அவனைப் பார்த்த பார்வையில் ஆட்டுக்கறித் தட்டு அவன் கையிலிருந்து தானாகவே மேஜைக்குத் திரும்பியது.

தூர்டிஸ் பாட்டிலின் மெழுகைக் கத்தியால் கீறினார். ஏகில் ஜன்னல் பக்கம் ஓடினான். அவர் மட்டும் கண்ணை மூடி, ரோஜாப்பூவை முகர்வதுபோல நிதானமாக மூன்று தடவை இழுத்தார்.

"அழுக்குத் தொட்டின்னா பியர் புளிக்கும். இதுல புளிப்பே இல்ல. இது செத்த ஈஸ்ட்டோட நாத்தம். வெதுவெதுப்பான இடத்துல மாசக்கணக்குல கெடந்து, தன்னைத்தானே தின்னு கரைஞ்சுபோன ஈஸ்ட். உன் பியருக்கு அன்னைக்கு என்ன வயசு?"

"மூணு நாள்."

"மூணு நாள் குழந்தைக்கு நரைச்ச தாடி எங்கேர்ந்து வந்துச்சு?"

ரன்வேய் பாட்டிலை வாங்கித் திரும்ப அடைத்தாள். "அம்மாவோட ஈஸ்ட்டே செத்துப்போயிருக்கும்னு ஊர்ல சொன்னாங்க. ஜாடில மிச்சம் வெச்சிருந்தேன். அதைத் திறந்தா அதுவும் இதே நாத்தம். தூக்கிப் போட்டுட்டேன்."

"தொட்டில ஊத்துனதும் நுரைச்சுதா?"

"ரெண்டே மணி நேரத்துல. விளிம்பு வரைக்கும் நுரை."

"பொணம் எழுந்து டான்ஸ் ஆடுமா?" என்றான் ஏகில்.

"ஆடாது," என்றார் தூர்டிஸ். "நீ ஊத்துனது உயிரோட இருந்த ஈஸ்ட். அதுக்கப்புறம் யாரோ வந்து செத்த ஈஸ்ட்டைத் தொட்டிலயும் கலந்திருக்காங்க, ஜாடியிலயும் மாத்தி வெச்சிருக்காங்க. நிலவறைக்குப் பூட்டு உண்டா?"

"இந்த ஊர்ல எந்த நிலவறைக்கும் பூட்டு கிடையாது."

அப்போது கதவைத் தட்டாமலேயே பக்கத்து வீட்டு ஒட்முன் உள்ளே வந்தார். எழுபது வயது. வாசலில் வெளியூர்க் கார் நின்றால் அது யார் கார் என்று தெரியாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. விஷயத்தைக் கேட்டதும் தொப்பியைக் கழற்றினார்.

"அன்னைக்கு ரெண்டு தடவை காய்ச்சுனியாம்மா நீ?"

"ஒரு தடவைதான்."

"ரெண்டு கத்தல் கேட்டுச்சே! காலைல ஒண்ணு, நல்லா மலையில மோதித் திரும்பி வந்துச்சு. போர்கில்டோட பொண்ணுன்னா இதுன்னு நெனச்சுக்கிட்டேன். சாயங்காலம் இன்னொண்ணு. ஆனா அது பாதியிலயே அறுந்துடுச்சு."

"சாயங்காலம் நான் சர்ச்சுல இருந்தேன். பாதிரியார் கூட."

ஈஸ்ட்டைத் தொட்டியில் சாய்க்கும்போது அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். எவ்வளவு பலமாகக் கத்துகிறோமோ, பியர் அவ்வளவு பலமாக இருக்கும். கத்தாமல் ஊற்றியவரை ஹெஸ்தவிக்கில் யாரும் பார்த்ததில்லை.

"திருட்டுத்தனமா வந்த ஆள் எதுக்குக் கத்தணும், தூர்டிஸ்?" என்றான் ஏகில். "கொள்ளையடிக்க வந்தவன் காலிங் பெல் அடிச்ச மாதிரி இருக்கு."

"வேணும்னு கத்தல. ஜாடியச் சாய்ச்சதும் தொண்டை தன்னால திறந்துக்கிச்சு. அப்புறம்தான் வந்த வேலை ஞாபகம் வந்து வாயைப் பொத்தியிருக்கு. பத்து தடவை ஊத்துன ஆளுக்கு அப்படி வராது. ஆயுசு முழுக்க ஊத்துன ஆளுக்குத்தான் வரும்."

"ஹல்வார்தான்," என்றாள் ரன்வேய். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

தூர்டிஸ் அவள் பக்கம் திரும்பினார். "உங்கிட்ட இப்போ ஈஸ்ட்டே இல்லையா?"

"ஒரு ஜாடி இருக்கு. ஃபிரிட்ஜ்லயே கெடக்கு, தொடல. ஹல்வாரோட சம்சாரம் குன்வோர் கொடுத்தது."

"நான்தான் கொடுக்கச் சொன்னேன்," என்றார் ஒட்முன் பெருமையாக. "ஒருத்தர் ஈஸ்ட் செத்துட்டா பக்கத்து வீடு கொடுக்கணும். கேட்டா இல்லைன்னு சொல்லக்கூடாது. அதுதானே வழக்கம்? சாவு வீட்டுலயே எழுந்து நின்னு சொன்னேன், 'பெரிய வீடு, பெரிய ஈஸ்ட்டு, நீதான் கொடுக்கணும் குன்வோர்'னு. முப்பது பேரு பாத்துக்கிட்டிருக்காங்க. அவ முதல்ல 'நானா?'ன்னு கேட்டா. அப்புறம் தர்றேன்னா."

"ஒரு வாரம் கழிச்சுக் கொண்டுவந்தாங்க," என்றாள் ரன்வேய். "அவங்க அந்தாளு மாதிரி இல்ல. என்னைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டாங்க. அந்த முப்பது பேருல என்னைத் தொட்டது அவங்க ஒருத்தங்கதான். ஆனாலும் அந்த வீட்டு ஈஸ்ட்டுல நான் காய்ச்ச மாட்டேன்."

"இப்போ காய்ச்சற," என்றார் தூர்டிஸ். "நேத்து சொன்னபடி பியருக்கு பார்லி மால்ட் சாறு தயாரா?"

"எதுக்குன்னு சொல்லாம தயார் பண்ணச் சொன்னீங்க. தயார். ஆனா அந்த ஈஸ்ட்டை நான் ஊத்தினாலும் கத்த மாட்டேன்."

நிலவறையில் ஜூனிபர் தழை வாசனையோடு தொட்டியில் ஆவி பறந்தது. ரன்வேய் குன்வோரின் ஜாடியை மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு சாய்த்தாள். கடமைக்கு ஆள் வேண்டுமே என்று ஏகில் கத்தினான். ஒட்முன் மேலே சமையலறையில் காபியைத் தன் மடியிலேயே கொட்டிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை சரியாக எட்டு மணி.

*

ஹல்வாரின் பண்ணை வீட்டில் மத்தியானம் நல்ல வரவேற்பு. குன்வோர் வெண்ணெய் தடவிய மெல்லிய உருளைக்கிழங்கு ரொட்டியைச் சுருட்டிச் சுருட்டித் தட்டில் அடுக்கினார். வெள்ளிப் பொத்தான் வைத்த கம்பளிச் சட்டை, நிதானமான குரல். ஹல்வாரோ நாற்காலி நிறைய உட்கார்ந்து முழங்காலில் தட்டித் தட்டிப் பேசுகிற ஆள்.

"பெர்கன்லேர்ந்து வர்றோம்," என்றான் ஏகில். "கரண்ட் போய் ஃபிரிட்ஜ்ல வெச்சது கெட்டுப்போன வீடுகளை விசாரிக்கறோம். இன்சூரன்ஸ் விஷயம்." அதில் கடைசி இரண்டு வார்த்தை தூர்டிஸைப் பொறுத்தவரை ஒரு காலத்து உண்மை.

ஹல்வாருக்கு அது போதும். "கடவுளே, ஒரு வருஷம் கழிச்சாவது வந்தீங்களே! போன வருஷம் கோடையில ரெண்டு மாசம் ஸ்பெயின்ல மகன் வீட்டுல இருந்தோம். இங்க மின்னல் அடிச்சு ஃப்யூஸ் போயிருக்கு. திரும்பி வந்து ஃபிரிட்ஜைத் திறந்தா... ரெண்டு ஆடு, ஒரு முழு சால்மன்! குழி தோண்டிப் புதைச்சேன், சர்ச்சுல பாட்டுப் பாடாததுதான் பாக்கி."

"எல்லாத்தையும் புதைச்சிட்டீங்களா?" என்றார் தூர்டிஸ்.

"எல்லாத்தையும். இவளோட ஒரு ஜாடியத் தவிர. அதை மட்டும் தொடவிடல."

"ஜாம்," என்றார் குன்வோர் தூர்டிஸிடம் தாழ்ந்த குரலில். "இன்னொரு ரொட்டி எடுத்துக்குங்க."

ஜன்னலுக்கு வெளியே, முற்றத்தைத் தாண்டி, மாட்டுக்கொட்டகையை ஒட்டி பியர் கொட்டடி இருந்தது. திறந்த கதவு வழியாகப் போர்வை சுற்றிய பெரிய மரத்தொட்டி தெரிந்தது.

"நாளைக்குத் திறக்கறதா?" என்றார் தூர்டிஸ். "எப்போ ஈஸ்ட் ஊத்துனீங்க?"

"நேத்துக் காலைல ஒன்பது மணிக்கு. ஏழு தலைமுறை ஈஸ்ட்டு. நாளைக்கு அவசியம் வாங்க, குடிச்சுப் பாருங்க," என்றார் குன்வோர்.

"நீங்களும் கூடச் சேர்ந்து காய்ச்சுவீங்களா?" ஏகில் ஹல்வாரைக் கேட்டான்.

"நானா? விறகு வெட்டுவேன், குடிப்பேன், பாடுவேன். ஈஸ்ட்டைத் தொட்டா இவ கையை வெட்டிடுவா. கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்துல ஒரு ஸ்பூன் ஊத்தினதில்ல!"

காருக்குத் திரும்பும்போது ஏகில் பாக்கெட்டில் இரண்டு ரொட்டிச் சுருள் இருந்தது. முகத்தில் சிரிப்பு இல்லை.

"அந்தாளு கத்தல," என்றான். "கத்தற பழக்கமே இல்ல."

"வண்டிய எடு," என்றார் தூர்டிஸ்.

"அப்போ அந்தம்மாவா? அவங்கதான் ஈஸ்ட் கொடுத்தாங்களே! விஷம் வெச்ச கையாலேயே யாராவது மருந்து கொடுப்பாங்களா?"

"அதைத்தான் நானும் தொட்டிகிட்ட கேட்டுக்கிட்டிருக்கேன். நாளைக்குப் பதில் சொல்லும்."

*

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணி. சமையலறையில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே பனி, மலைக்குப் பின்னால் சரியத் தயாராகிவிட்ட டிசம்பர் வெயில். ஏகில் மூக்கைச் சுருக்கினான்.

"நான் இல்ல," என்றான் முன்ஜாமீன் மாதிரி.

அடுத்த நிமிஷம் அது தெளிவாக வந்தது. அழுகின முட்டை. தரைப் பலகை இடுக்கு வழியாக, நிலவறையிலிருந்து, கூச்சமே இல்லாமல் ஏறி வந்தது.

"போச்சு!" என்றான் ஏகில். "இந்த ஈஸ்ட்டும் காலி. தூர்டிஸ், இந்த வீட்டு நிலவறையே ராசியில்ல."

ரன்வேயைப் பார்த்ததும் அவன் வாய் நின்றது. அவள் முகத்தில் ரத்தமே இல்லை. எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். இவர்கள் பின்னால் போனபோது தொட்டியின் மேல் குனிந்து, அந்த நாற்றத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள்.

"இது எங்கம்மா," என்றாள்.

"என்னம்மா சொல்ற?"

"எங்கம்மாவோட ஈஸ்ட். ஊத்துன முப்பதாவது மணியில முட்டை நாத்தம் அடிக்கும். சரியா ஒரு மணி நேரம். அப்புறம் சுத்தமாப் போயிடும், ஆரஞ்சுத் தோல் வாசனை வந்துடும். இந்த ஊர்ல வேற எந்த ஈஸ்ட்டும் இப்படிப் பண்ணாது. அம்மாவுக்கு வெக்கமா இருக்கும். கொட்டகை வேலை பாக்கற வீடு, நாத்தம்னா உடனே பேசுவாங்கன்னு, பனி கொட்டினாலும் ஜன்னலையெல்லாம் திறந்துடுவாங்க. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தாங்க."

அவள் நிமிர்ந்தாள்.

"குன்வோர் கொடுத்த ஜாடில எங்கம்மா எப்படி வந்தாங்க?"

"குன்வோரோட ஏழு தலைமுறை ஈஸ்ட் போன வருஷம் கோடையிலயே ஃபிரிட்ஜுக்குள்ள செத்துப்போச்சு," என்றார் தூர்டிஸ். "பெரிய வீட்டுல ஈஸ்ட் இல்லைன்னா மானம் போச்சு. நவம்பர்ல நீ தொட்டில ஊத்திட்டு சர்ச்சுக்குப் போன. அவங்க இங்க வந்தாங்க. ஜாடில மிச்சமிருந்த உங்கம்மா ஈஸ்ட்டை எடுத்துக்கிட்டு, செத்ததை அதுல வெச்சாங்க. தொட்டியிலயும் கொட்டினாங்க. ஏன் கொட்டணும்? பியர் நல்லா இருந்தா முப்பது பேரும் உங்கிட்ட ஈஸ்ட் கேப்பாங்க. எல்லா வீட்டுலயும் அதே வாசனை வரும். அப்புறம் அவங்க வீட்டு வாசனை எங்கேர்ந்து வந்துச்சுன்னு ஊர் கேக்கும். அதனால உங்கம்மா பேரையே நாறடிச்சாங்க."

"ஆனா ஒட்முன் கிழவர் எழுந்து நின்னு 'கொடு'ன்னுட்டாரு," என்றான் ஏகில் மெதுவாக. "முப்பது பேர் முன்னாடி. முடியாதுன்னு சொல்ல வழியில்ல. கையில இருந்த ஒரே ஈஸ்ட்..."

"திருடின ஈஸ்ட். அதையே கொடுத்துட்டாங்க. ஈஸ்ட்டுக்கு முகமா இருக்கு, யாரு அடையாளம் கண்டுபிடிக்கப் போறான்னு தைரியம்."

ரன்வேய் தொட்டியை மூடினாள்.

"நான் அவங்களுக்கு நன்றி சொன்னேன்," என்றாள். "ரெண்டு தடவை சொன்னேன். அவங்க தோள்ல சாஞ்சு அழுதேன்."

கோட்டை மாட்டினாள்.

"பாட்டில் வேண்டாமா?" என்றான் ஏகில்.

"அது அவங்க வீட்டு நாத்தம். நான் எதுக்குத் தூக்கிச் சுமக்கணும்?"

"போலீஸ்ல சொன்னா சிரிப்பாங்க," என்றார் தூர்டிஸ். "இந்த நாத்தம் இன்னும் முக்கால் மணி நேரத்துல போயிடும். சாட்சிக்கு வராது. அவங்க வாயிலேர்ந்து வரணும்."

"வர வைக்கறேன்," என்றாள் ரன்வேய்.

*

பியர் கொட்டடியில் கூட்டம் நிறைந்திருந்தது. அதே முப்பது பேர். குன்வோர் கிண்ணத்தை நிரப்பி நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஹல்வார் மூன்றாவது கிண்ணத்தில் இருந்தார், பாட்டு ஆரம்பித்துவிட்டது.

ரன்வேய் உள்ளே வந்ததும் வழி விட்டார்கள். மரியாதையினால் இல்லை. கிண்ணம் அவளிடம் வந்தது. குடித்தாள். நிதானமாக.

"நல்லாயிருக்கு. ஆரஞ்சுத் தோல் வாசனை."

"எங்க ஈஸ்ட்டு அப்படி," என்றார் குன்வோர். "வந்ததுக்கு ரொம்ப சந்தோஷம்மா."

"காய்ச்சும்போது இது நாறுமா குன்வோர்? நடுவுல எப்பவாவது?"

குன்வோரின் கை ஒரு கணம் நின்றது. பிறகு சிரித்தார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "எங்க வீட்டு ஈஸ்ட் ஒரு நாளும் நாறினதில்லம்மா. நாறுறதெல்லாம் வேற வீட்டுல."

சிரிப்பு. போன வருஷம் கேட்ட அதே சிரிப்பு.

"அட, பொய் சொல்லாதடி!" என்றார் ஹல்வார்.

குன்வோர் திரும்பினார். "நீங்க சும்மா இருங்க."

"நேத்து மூணு மணிக்கு முட்டை நாத்தம் தாங்காம நான்தானே கதவையெல்லாம் திறந்துவிட்டேன்! பன்னி மாதிரி நாறுச்சு. ஒரு மணி நேரம். அப்புறம் தேன் மாதிரி ஆயிடுச்சு. நல்ல ஈஸ்ட்டுன்னா அப்படித்தான்யா, வீரமா நாறும்! முன்னெல்லாம் இது நாறாது. போன கிறிஸ்துமஸ்லேர்ந்துதான்..."

அவர் ஆள்களைப் பார்த்துக் கிண்ணத்தை உயர்த்தினார். யாரும் உயர்த்தவில்லை. தான் என்ன சொன்னோம் என்று ஹல்வாருக்கு மட்டும்தான் தெரியவில்லை.

ஒட்முன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தார்.

"ஒரு மணி நேரமா?" என்றார். "போர்கில்ட் காய்ச்சுன மறுநாள் ஜன்னலையெல்லாம் திறந்து போட்டிருப்பா. கொட்டுற பனியில. இருபது வருஷம் பாத்திருக்கேன். ஏன்னு கேட்டா சிரிப்பா, பதில் சொல்ல மாட்டா. வேலிக்கு இந்தப் பக்கம் எனக்கும் வரும், முட்டை நாத்தம். நான் கேட்டதில்ல."

"ஹல்வார்," என்றார் தூர்டிஸ் பின்னாலிருந்து, "ஃபிரிட்ஜ்லேர்ந்து எடுத்த அந்த ஜாடி ஜாமா?"

"ஜாமா? அது ஈஸ்ட் ஜாடியில்ல? இவ அதைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு..." ஹல்வார் நிறுத்தினார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். கிண்ணம் மெல்ல இறங்கியது. "குன்வோர்?"

குன்வோர் முந்தானை போலச் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்தார். "ஈஸ்ட் யாருக்கும் சொந்தமில்ல. கேட்டா கொடுக்கறது. அதுதான் இந்த ஊர் வழக்கம். கொஞ்சம் எடுத்துக்கிட்டா குடியா முழுகிடும்?"

"கேட்டா," என்றாள் ரன்வேய். "நீங்க கேக்கல. கேட்டிருந்தா எங்கம்மா சாகக் கெடந்த கட்டில்லேர்ந்து எழுந்து வந்து கொடுத்திருப்பாங்க. ஆனா கேக்கணும்னா எங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கணும். இருபத்தாறு வருஷம் உங்க வீட்டுப் பின்வாசல்ல நீங்க நிக்க வெச்சவங்களோட வாசல்ல. அது உங்களால முடியல. திருட முடிஞ்சுது. சாவு வீட்டு பியர்ல பொணத்தைக் கரைக்க முடிஞ்சுது. என்னைக் கட்டிப்பிடிக்க முடிஞ்சுது. கேக்க மட்டும் முடியல."

பக்கத்துக் கொட்டகையில் மாடுகள் அசைபோடும் சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்டது.

"இப்போ கேளுங்க," என்றாள். "இந்த முப்பது பேர் முன்னாடி. எங்கம்மா பேரைச் சொல்லிக் கேளுங்க."

குன்வோர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். போன வருஷம் சிரித்த முகங்கள். எதுவும் உதவிக்கு வரவில்லை. கடைசியில் ஹல்வார்தான் சொன்னார், குடி இறங்கிய குரலில். "கேளு. கேட்டுத் தொலை."

"போர்கில்டோட ஈஸ்ட்டுல..." குன்வோரின் குரல் உடைந்தது. "கொஞ்சம் கொடும்மா."

வழக்கத்தைத் தெரிந்த முப்பது பேரும் காத்திருந்தார்கள். ஈஸ்ட் கேட்டு இல்லையென்று வந்த ஆள் அந்த ஊரில் இதுவரை கிடையாது.

"முடியாது," என்றாள் ரன்வேய்.

யாரோ மூச்சை இழுத்தார்கள். அவள் குனிந்தாள். தொட்டியின் அடியில் இருந்த மரத் தக்கையைக் கால் குதியால் ஓர் உதை விட்டாள். தக்கை தெறித்தது. ஏழு தலைமுறை என்று சொன்ன பியர், அடியில் படிந்த ஈஸ்ட்டோடு, நுரைத்துக்கொண்டு தரையெல்லாம் பாய்ந்து, பலகைச் சுவருக்கடியில் புகுந்து மாட்டுக்கொட்டகைச் சாக்கடைக்குள் இறங்கியது. குன்வோரின் காலணி நனைந்தது. அவர் நகரவில்லை.

"மத்தவங்க யாருக்கு வேணுமோ ஜாடி எடுத்துக்கிட்டு என் வீட்டுக்கு வரலாம்," என்றாள் ரன்வேய். "முன்வாசல் வழியா."

ஒட்முன்தான் முதலில் தொப்பியை மாட்டினார். அவர் பின்னால் ஒவ்வொருவராக, பியரில் சறுக்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார்கள். ஏகில்கூட ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்கு அது உடல்நலக் கேடு.

ஹல்வார் தரையைப் பார்த்தார். சாணியும் நுரையும் கலந்து திரும்பி வர ஆரம்பித்திருந்தது.

"இதை யாரு இப்போ கழுவறது?" என்றார், பொதுவாக.

ரன்வேய் வாசலில் நின்று திரும்பினாள்.

"துடைப்பம் கொட்டகைக் கதவுக்குப் பின்னாடி இருக்கும். எங்கம்மா அங்கதான் வைப்பாங்க."